பிரிக்க முடியாத சவரன்

நான் பி.ஏ. வகுப்பில் அரசியல் சாஸ்திரம் எடுத்தபோது, எங்கள் தெருவில் ஒருவர்கூட அதை ஒரு படிப்பு என்று நம்பவில்லை. ராயபுரம் கல்மண்டபத்தில் அப்பாவுக்குக் கருப்பட்டி மண்டி. கீழே மண்டி, மேலே வீடு. சரக்கு எடுக்க வருகிறவர்கள், "மவ என்ன படிக்கா?" என்று கேட்பார்கள். அப்பா, "அரசியல்" என்பார். கேட்டவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "ஜெயிலுக்கா அனுப்பப் போறிய?" என்பார். அது முப்பதுகளின் தொடக்கம். அரசியல் என்றால் கொடி, ஊர்வலம், தடியடி. அதற்குப் புத்தகம் இருக்கிறது, பரீட்சை வைக்கிறார்கள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? மீன்கூடையோடு படியேறி வரும் அம்மாள்கூட ஒருநாள் என்னை நிறுத்திக் கேட்டுவிட்டாள். "இன்னா பாப்பா, ஜெயிலுக்குப் போறதுக்குக்கூடவா படிக்கணும்? எங்க ஊட்டாளு படிக்காமலே ரெண்டு தபா போய்ட்டு வந்துகீறாரு."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தேசத்துக்கு ஏதோ செய்யப் போகிறேன் என்று நான் அந்தப் பாடத்தை எடுக்கவில்லை. இண்டர்மீடியட்டில் கணக்கு என்னைப் படாத பாடு படுத்திவிட்டது. சரித்திரப் பிரிவுக்குப் போனால் கணக்கு இல்லை என்று யாரோ சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். உள்ளே போன பிறகுதான் அங்கே அரசியல் சாஸ்திரத்துக்குத்தான் பெரிய இடம் என்று தெரிந்தது. முதல் மாதம் ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் மாதம் எரிச்சல் வந்தது. மூன்றாம் மாதத்துக்கு மேல் அந்தப் புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

என்னைப் பிடித்து இழுத்தது ஒரே ஒரு கேள்வி. கடைசி வார்த்தை யாருடையது? நான் சின்ன வயதிலிருந்தே அதட்டல்களுக்கு நடுவில் வளர்ந்தவள். துறைமுக வாசலில் வண்டிக்காரனைச் சேவகன் அதட்டுவான். சேவகனை மேஸ்திரி அதட்டுவான். மேஸ்திரியைத் தொப்பி போட்ட துரை அதட்டுவார். துரையை யார் அதட்டுவார்கள் என்று எட்டு வயதில் அப்பாவைக் கேட்டிருக்கிறேன். "துரைசானி" என்று சொல்லிவிட்டுக் கருப்பட்டிச் சிப்பங்களை எண்ணப் போய்விட்டார். கல்லூரிக்குப் போனால், அதே கேள்விக்கு அறுபது பக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள்! ஊரில் நான் ஒருத்திதான் இப்படி நோண்டி நோண்டிக் கேட்கிறேன் என்று நினைத்திருந்தேன். எனக்குச் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது.

அந்தக் கடைசி வார்த்தைக்கு இங்கிலீஷில் சாவரின்டி என்று பெயர். அதை வைத்திருக்கிறவன் சாவரின். வகுப்பில் வெள்ளைக்கார மிஸ்ஸம்மா முதல் தடவை அதைச் சொன்னபோது, பக்கத்தில் இருந்த என் தோழி என்னைக் கிள்ளினாள்.

"இன்னாடி இது, காலங்காத்தால சவரன் சவரன்னுது? ஊட்டுல கல்யாணமா?"

சிரிப்பை அடக்க முடியாமல் நான் இருமுவது போல நடித்தேன். அன்று முதல் எங்களுக்குள் சாவரின்டி கிடையாது, சாவரின் கிடையாது. எல்லாம் சவரன்தான். பட்டணத்துக்காரர்கள் தங்கத்தைச் சவரன் கணக்கில் சொல்வார்கள். நாங்கள் தெற்கத்திக்காரர்கள், திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். எங்களுக்கு அது பவுன். அப்பாவும் அம்மாவும் ராயபுரத்துக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் பவுனை விடவில்லை. அதனால் முதல் நாள் சிரித்ததோடு சரி, பிறகு சவரன் என்று சொல்லும்போது எனக்குத் தங்கத்தின் நினைவே வராது. என் வாயில் அது வெறும் பாடம்.

தோழி வியாசர்பாடிப் பெண். அவள் அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். உபகாரச் சம்பளத்தில் படித்தாள். இங்கிலீஷ் அவளுக்குக் கொஞ்சம் தகராறு, ஆனால் மூளை கத்தி. தமிழில் உடைத்துச் சொல்லாவிட்டால் எதையும் உள்ளே விடமாட்டாள். "பொஸ்தவத்துல கீறத அப்டியே ஒப்பிக்காத. நாளைக்கு எங்க நைனா கேட்டா நான் இன்னா சொல்றது? அப்டிச் சொல்லு" என்பாள். சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். பின்னறையில் உட்கார்ந்து அவள் கேட்பாள், நான் சொல்லுவேன். வக்கீல் மாதிரிக் குறுக்குக் கேள்வி போடுவாள். பதில் சொல்லிச் சொல்லித்தான் எனக்கே பாடம் விளங்கியது. பிற்காலத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் படிப்பதைப் பார்த்துவிட்டேன், அதைவிட நல்ல முறை என் கண்ணில் படவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, கடைசி வருஷம், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது.

மாப்பிள்ளை வீடு திருவொற்றியூர். தீப்பெட்டித் தொழிற்சாலைக்குக் கொஞ்சம் தள்ளி மொத்த மளிகைக் கடை. அவர்களும் எங்கள் பக்கத்து ஆட்கள்தான் என்றாலும், மூன்று தலைமுறையாகப் பட்டணத்தில் ஊறிப்போனவர்கள். பேச்செல்லாம் இந்த ஊர்ப் பேச்சு. எங்கள் வேதக்கோவில் உபதேசியார்தான் நடுவில் நின்று பேசினார். மாப்பிள்ளையைக் கோவிலில் ஒருமுறை பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. குடி கிடையாது, பிரசங்கத்தின்போது தூங்கவில்லை, முகத்தில் சாந்தம். குறை இருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். நல்ல பையனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மாப்பிள்ளை வீட்டில் அதிகாரம் அவருடைய அத்தையிடம் இருந்தது. அவர் போட்ட நிபந்தனைகள் இரண்டு. முதலாவது, கல்யாணம் லெந்து நாட்களுக்கு முன்னால் முடிய வேண்டும். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாற்பது நாளும் கோவிலில் கல்யாணம் நடக்காது என்பதால் அவசரம். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஓலை வாசிப்பார்கள், அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்பவர் சொல்லலாம் என்று அறிவிப்பார்கள். முதல் ஓலை வாசித்த பிறகு பெண் படியிறங்கிக் கல்லூரிக்குப் போகக்கூடாது. கல்யாணத்துக்கு அப்புறமும் கூடாது. என் பரீட்சையோ சரியாக லெந்து நடுவில். "பரீட்ச எழுதி எந்தக் கலெக்டர் கச்சேரிக்குப் போவப் போவுது?" என்று அத்தை கேட்டாராம்.

இரண்டாவது, நகை. மாப்பிள்ளைக்குக் கல்யாணமாகாத ஒரு தங்கை. நான் ஒற்றைப் பிள்ளை, நகை நட்டோடுதான் போவேன் என்று அவர்களுக்குத் தெரியும். "வர்றது ரெண்டு பொண்ணுக்கும் ஆவுமில்ல" என்று அத்தை சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அதாவது, கொண்டுபோவதைப் பிரித்துப் பாதியைத் தங்கைக்குப் போட வேண்டும்.

அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டார். நகையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அதை மொத்தமாகக் கொடுத்தாலும் சந்தோஷம். பரீட்சைதான் என் உயிரை வாங்கியது. நாலு வருஷம் டிராமில் நசுங்கிப் போய் வந்தது, பட்டம் வாங்க ஒன்றரை மாதம் இருக்கும்போது மூட்டை கட்டவா? அம்மாவிடம் மன்றாடினேன்.

"நாலு வருசமா போயிட்டு வந்தேனே, அதெல்லாம் வீணாம்மா?"

"என்னத்த வீணு? டிராம்ல நல்லா நின்னு பழகியிருக்க. காலு உறுதியா இருக்கும்."

அம்மாவிடம் வாதாடி ஜெயிக்க எந்தப் புத்தகத்திலும் வழி போட்டிருக்கவில்லை. அப்பாவிடம் போனேன். "பாப்போம்ளா" என்றார். எங்கள் வீட்டில் "பாப்போம்" என்றால் என்ன அர்த்தம் என்று அப்பாவுக்கே தெரியாது. மழை வருமா என்று கேட்டாலும் பாப்போம், மண்டிக்கு ஓடு மாற்றலாமா என்றாலும் பாப்போம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு வீட்டில் கடைசி வார்த்தை யாருடையது என்றே தெரியாமல் நான் ராஜ்ஜியங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் வழக்கம்போலத் தோழி வந்தாள். இன்னும் எத்தனை சனிக்கிழமை என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் இருவருக்கும் அதே நினைப்பு. அன்றைய பாடம் சவரனின் குணங்கள். அவள் சுவரில் சாய்ந்துகொண்டு ஆரம்பித்தாள்.

"சவரன்னா இன்னா?"

"எல்லாத்துக்கும் மேல இருக்கிறது. அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது."

"செரி. யாராச்சும் வந்து, பாதியக் குடு, பாதிய நீ வெச்சுக்கோன்னு கேட்டா?"

"முடியாது. சவரனைப் பிரிக்கவே முடியாது."

"ஏன் முடியாது? நல்ல தோஸ்துதான் கேக்கறாங்க."

"யாரு கேட்டாலும் முடியாது. பிரிச்சா அது சவரனே இல்ல."

"பிரிக்க வேணாம். மொத்தமா கைமாத்திக் குட்த்துடேன்."

"அதுவும் முடியாது. அத விட்டுக் கொடுத்தவன் அன்னைக்கே செத்தான்."

"அப்போ அத வெச்சிகினு கீறவன் யாருக்கு அடங்கணும்?"

"ஒருத்தருக்கும் அடங்க வேண்டாம். சவரன் யாரு கையில இருக்கோ அவன் சொன்னத மத்தவங்க கேக்கணும். அவன் யாரு சொன்னதையும் கேக்க வேண்டாம்."

"அட்ரா சக்க!" என்று தோழி தொடையில் தட்டினாள். எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. குரலை இன்னும் உயர்த்தி, மேடைப் பேச்சு மாதிரி எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி ஒரு தடவை சொன்னேன்.

பின்னறைக்கும் கூடத்துக்கும் நடுவில் வெறும் பலகைத் தடுப்பு. கூடத்தில் யாராவது இருந்தால் எங்கள் பேச்சு அட்சரம் பிசகாமல் கேட்கும். யாரும் இல்லை என்றுதான் நினைத்தோம். கொஞ்ச நேரம் கழித்து அம்மா காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். முகத்தில் குழப்பம்.

"திருவொத்தியூர் அத்தை வந்திருந்தாவ, நாள் குறிக்கிறதப் பத்திப் பேச. கூடத்துல உக்கார வச்சிட்டுக் காப்பி போடப் போனேன். வந்து பாத்தா படியிறங்கிப் போறாவ. கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பாக்கல. என்னவா இருக்கும்?"

எங்களுக்கும் என்னவென்று தெரியவில்லை. அந்தக் காப்பியைத் தோழி குடித்தாள்.

புதன்கிழமை சாயந்தரம் உபதேசியார் வந்தார். அப்பா கீழே மண்டியில் இருந்தார். உபதேசியார் நேரே மேலே வந்து, அம்மாவிடம், "அவிய வேண்டாம்னுட்டாவ" என்றார்.

பலகைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது. வேண்டாமாம்! முதுகிலிருந்து ஒரு சிப்பத்தை இறக்கி வைத்தது போல இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பரீட்சை எழுதலாம். லெந்து வரட்டும், போகட்டும், நான் பாட்டுக்குப் படிப்பேன். வாய்விட்டுச் சிரித்துவிடுவேனோ என்று பயந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்தப் பக்கம் உபதேசியார் நிறுத்தவில்லை. "பொண்ணு ரொம்ப ஆங்காரமாம். சவரனப் பிரிக்கவே முடியாது, யாரு கேட்டாலும் தரமாட்டேன்னு கத்திச்சாம். தங்கம் வச்சிருக்கவ ஒருத்தருக்கும் அடங்க வேண்டாம், மத்தவுகதான் தன் பேச்சக் கேக்கணும்னு சொல்லிச்சாம். அந்தம்மா அவிய காதாலயே கேட்டாவளாம். இப்படிப் பேராசை புடிச்ச பொண்ணு எங்க குடும்பத்துக்கு ஆவாதுன்னுட்டாவ."

அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. அத்தை கூடத்தில் உட்கார்ந்து நாங்கள் ஒப்பித்ததை முழுசாகக் கேட்டிருக்கிறார். பட்டணத்துக் காதுக்குச் சவரன் என்றால் தங்கம். அதுவும் பாதி கேட்டு ஆள் விட்டவரின் காது! இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கு அடுத்த அத்தியாயத்தில் வேறொரு கட்சி வருகிறது. சவரனைப் பிரிக்கலாம், பிரித்தால்தான் நல்லது, சபைக்கும் சங்கத்துக்கும் பங்கு உண்டு என்று அவர்கள் சொல்கிறார்கள். அதையும் அன்று சத்தமாகத்தான் படித்தோம். பத்து நிமிஷம் பொறுத்திருந்தால் அத்தை காப்பி குடித்து, நாள் குறித்துவிட்டுப் போயிருப்பார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் செய்ய வேண்டியது. ஆனால் என் குணம் அப்படிப்பட்டதில்லை. என்னை ஆங்காரி என்றால் பொறுத்துக்கொள்வேன், அதில் கொஞ்சம் உண்மை உண்டு. பேராசை பிடித்தவள் என்றதும் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய், உபதேசியாரின் மூக்குக்கு நேரே பக்கத்தைத் திறந்து நீட்டினேன்.

"நான் தங்கத்தப் பத்திப் பேசல. இதுதான் பேசினேன். இது பாடம். படிச்சுப் பாருங்க."

உபதேசியாருக்கு இங்கிலீஷ் தெரியும். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் வைத்துப் படித்தார். கொஞ்ச நேரத்தில் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அம்மாவுக்கு விஷயத்தை விளக்கினார். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்போ ஒண்ணுமே இல்லியா? வெறும் பாடமா? நல்லதாப் போச்சு! ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சதும் இவிய அப்பா போயி விசயத்தச் சொல்லட்டும். சம்பந்தம் எங்கயும் போவாது."

தப்பிக்கக் கதவு திறந்து கிடந்தது. நானே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். மறுநாள் கல்லூரியில் தோழியிடம் சொன்னபோது, முதல் பாதிக்கு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டாம் பாதிக்கு என்னை அடிக்க வந்தாள்.

"உனுக்கு இன்னாமே வந்துச்சு? அந்தம்மா உன்ன கெட்டவன்னு நெனச்சா நெனச்சிகினு போவுது. இப்போ பார், பேஜாராப் பூட்ச்சு. மார்க்கு வாங்கற மூள இதுக்கு இல்லியே!"

வீட்டில் அம்மா, சத்தம் போட்டுப் படிக்கவே கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். உதட்டை மட்டும் அசைத்துப் படித்தேன். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. மூன்று நாளும் கண் பக்கத்தில் இருக்கும், மனசு திருவொற்றியூரில் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் நான் செய்த ஜெபம் வெளியில் சொல்லத் தக்கதல்ல. ஜட்கா வண்டியின் சக்கரம் முதல் அத்தையின் தொண்டை வரை எல்லாவற்றையும் கர்த்தரிடம் ஒப்புக்கொடுத்தேன். ஆராதனை முடிந்ததும் அப்பா வீட்டுக்கு வந்து, கோட்டும் தலைப்பாகையுமாக ஜட்கா ஏறினார். போகும்போது நான் அவர் முகத்தைப் பார்த்தேன். எப்போதும் போலத்தான் இருந்தது. கருப்பட்டி இளகியிருக்கிறதா என்று பார்க்கும் முகம்.

மத்தியானம் அம்மா மாதாந்திரக் காலண்டரை எடுத்து லெந்துக்கு முன்னால் மிச்சமிருந்த ஞாயிறுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரியாக மூன்று ஓலைக்கு இடமிருந்தது. நான் ஜன்னலில் நின்றேன். ஒவ்வொரு குதிரைக் குளம்புச் சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தேன். வெயில் தாழ்ந்து துறைமுகப் பக்கம் நிழல் நீளும் நேரத்தில் வண்டி வந்து நின்றது. அப்பா மெதுவாகப் படியேறி வந்து, தலைப்பாகையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அம்மா தண்ணீர்ச் செம்பை நீட்டிக்கொண்டே, "சொன்னியளா?" என்றார்.

"சொன்னேன்."

"என்ன சொன்னிய?"

அப்பா தண்ணீரைக் குடித்து முடித்தார். "மாப்பிள்ள வீட்டுப் பெரியவரு நல்லாத்தான் பேசினாரு. அப்பதான் அந்த அத்தை வந்து நின்னாவ. 'உங்க பொண்ணு சவரனப் பிரிக்க முடியாதுன்னு சொல்லிச்சே, மெய்யா பொய்யா?'ன்னு கேட்டாவ. மெய்தான்னேன். 'ஒருத்தருக்கும் அடங்க வேணாம்னிச்சே?'ன்னாவ. அதுவும் மெய்தான்னேன். பொறவு ஒண்ணும் பேச்சு நடக்கல. எழும்பி வந்துட்டேன்."

அம்மா அவர் கையிலிருந்த செம்பைப் பிடுங்கினார். "பாடம்னு சொல்லலியா? அதச் சொல்லத்தானே போனிய?"

"சொல்லத்தான் போனேன். வழியெல்லாம் எப்படிச் சொல்லணும்னு யோசிச்சுக்கிட்டேதான் போனேன்." அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. "அங்கன அஞ்சு பேரு உக்காந்திருந்தாவ. அந்தப் பையனும் இருந்தான். அந்தப் பொண்ணு எதுக்கு அப்படிப் பேசிச்சு, அது என்ன பேச்சு, என்ன அர்த்தம்னு யாராவது ஒரு வார்த்த கேப்பாவளான்னு காத்துக்கிட்டே இருந்தேன். கேட்டா சொல்லியிருப்பேன். ஒருத்தரும் கேக்கல. இவ வாயத் தொறந்தா கேள்விதான் வருது. கேள்வியே கேக்காத வீட்டுல இவள விட்டுட்டு வந்தா, இவ என்ன செய்வா?"

"உங்களுக்கு அது பாடம்னு முன்னமே தெரியுமாப்பா?" என்றேன்.

"தெரியாம என்ன? சனிக்கெழம நீங்க போடுத சத்தம் மண்டி பூரா கேக்கும்லா? சிப்பம் தூக்குதவன் நேத்துகூட என்ட்ட கேட்டான். 'இன்னா மொதலாளி, சவரன் ராஜா கையில கீதா, பார்லிமெண்டு கையில கீதா, இன்னும் முடிவாவலியா?'ன்னு. பரீட்சைக்கு அப்புறம்தான் தெரியும்னு சொல்லி வச்சிருக்கேன்."

அம்மா அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார். அந்தக் காலண்டரைச் சுருட்டிப் பரணில் எறிந்துவிட்டு, அடுப்படிக்குப் போய்விட்டார். பாத்திரங்கள் பயங்கரமாகச் சத்தம் போட்டன. அம்மாவுக்காக எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே வருத்தம். ஆனால் அந்த வருத்தம் எங்கேயோ ஒரு மூலையில் இருந்தது. மற்ற இடமெல்லாம் நிம்மதி. அவ்வளவு பெரிய நிம்மதி என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னாலும் இரண்டு மூன்று தடவைக்கு மேல் வந்ததில்லை.

அப்பா கோட்டைக் கழற்றிக்கொண்டே, "பரீட்ச எப்பளா?" என்றார். சொன்னேன். "சரி. போயிப் படி. உதட்ட மட்டும் அசைக்காத, வாயத் தொறந்து படி" என்று சொல்லிவிட்டுக் கீழே மண்டிக்கு இறங்கிப் போனார்.

பின்னறைக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்தேன். சவரனின் குணங்கள், முதல் வரி. எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல், இன்னும் கோபம் ஆறாமல் கேட்டது.

"என்னளா, சத்தத்தையே காணோம்? படிக்கியா, அழுவுதியா? அழுறதுன்னா பரீட்ச முடிஞ்சு அழு. இப்பப் படி."